ஆள் படாத தண்ணீர்

பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓரம் கருகியது, நடுவில் வேகாதது என்று வேலைக்காலம் முழுக்கக் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவருக்கு, வீட்டில் உட்கார்ந்ததும் கை நமநமத்தது. மனைவியின் சமையலைச் சோதிக்க ஆரம்பித்தார். ஒருநாள் அந்த அம்மாள் கரண்டியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அந்தப் பிரிவு அத்துடன் மூடப்பட்டது.

அந்தச் சமயத்தில்தான் முழங்கால் வலி வந்தது. தினமும் கொஞ்ச நேரம் வெந்நீரில் காலை வைக்கச் சொன்னார் டாக்டர். ஒரு வாளியை மனதில் வைத்துத்தான் சொல்லியிருப்பார். இவர் நாலு பேர் உட்காரும் 'ஹாட் டப்' என்கிற வெந்நீர்த் தொட்டி ஒன்றை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் சிமென்ட் தளத்தில் இறக்கினார்.

பொருத்த வந்த ஆள் போகிற போக்கில் ஒரு டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே விரல் நீளத்தில் காகிதப் பட்டைகள். தண்ணீரில் முக்கி எடுத்தால் நிறம் மாறும். டப்பா மேலிருக்கும் நிறங்களோடு ஒப்பிட்டால் குளோரின் எவ்வளவு, பி.எச். எவ்வளவு என்று தெரிந்துவிடும். பி.எச். ஏழரையை ஒட்டி நிற்க வேண்டும். இறங்கினால் கண் எரியும், ஏறினால் தண்ணீர் கலங்கும். அவர் முதல் பட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஓய்வு பெற்ற நாளில் போன களை முகத்துக்குத் திரும்பி வந்தது.

முதல் நாள் புருஷனும் பெண்டாட்டியும் இறங்கினார்கள். மறுநாள் தண்ணீரில் நுரை. விசாரணை நடந்தது. மனைவியின் தலை எண்ணெய்தான் குற்றவாளி என்று தீர்ப்பாகி, அவளுக்குத் தொட்டி தடை செய்யப்பட்டது.

அடுத்து மாட்டிக்கொண்டவர் மாப்பிள்ளை. இரண்டு நாள் விருந்துக்கு வந்தவர், ஆசையாகத் துண்டோடு வந்து நின்றார்.

"குளிச்சிட்டீங்களா?" என்றார் மாமனார்.

"குளிக்கத்தானே மாமா வந்தேன்."

"இதுல இறங்கறதுக்கு முன்னாடி குளிக்கணும். சோப்பு ஒரு துளி ஒட்டக் கூடாது. போட்டிருக்கிற டிரவுசர் எந்தப் பவுடர்ல துவைச்சது?"

மாப்பிள்ளைக்கு அது தெரியவில்லை. வேறு டிரவுசர் அலசப்பட்டது. ஒருவழியாக இறங்கி, வெந்நீரில் சாய்ந்து, கண்ணை மூடினார். தோள் பக்கத்தில் ஏதோ உரசியது. மாமனார் குனிந்து பட்டையை முக்கிக்கொண்டிருந்தார்.

"தப்பா நினைக்காதீங்க மாப்பிள்ளை. நீங்க இறங்கினதுலேர்ந்து குளோரின் குறையுது. வேர்க்குதா உங்களுக்கு?"

மாப்பிள்ளை அன்று சாயங்காலமே ஊருக்குக் கிளம்பிவிட்டார். அவசர வேலையாம்.

அதன்பின் தொட்டியை மூடி போட்டே வைத்திருந்தார். வந்தவர்களுக்கு மூடியைத் தூக்கி, தூங்கும் குழந்தையைக் காட்டுகிற மாதிரி தண்ணீரைக் காட்டுவார். அவரும் இறங்குவதில்லை, இறங்கினால் அளவு கெடுமே. குனிந்து குனிந்து சோதித்ததில் முழங்காலோடு இடுப்பும் பிடித்துக்கொண்டது. தெருவில் 'பி.எச். மாமா' என்ற பெயர் நிலைத்தது.

அப்போது அவருடைய அக்காவுக்குக் கண் ஆபரேஷன் வந்தது. போய்க் கூட இருந்தே ஆக வேண்டும். வாசல் வரை புத்திமதி சொல்லிக்கொண்டே போனார்: தினமும் சோதி, பில்டரைக் கழுவு, மூடியைத் திறந்து போடாதே.

மனைவி பக்கத்து வீட்டு டெய்லரம்மாவைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் தலையை அலசிக்கொண்டு இறங்கினார்கள். வெளியே ஏறியதும் மனைவி பட்டையை முக்கிச் சோதித்தாள், குறைந்த குளோரினைப் போட்டாள், பில்டரைக் கழுவினாள். இத்தனை நாள் அவர் முணுமுணுத்ததைக் கேட்டே அதெல்லாம் அத்துப்படி. தினம் ஃபோன் வரும்.

"பி.எச். என்ன?"

"ஏழு புள்ளி நாலு."

"நுரை?"

"சுத்தமா இல்ல."

திரும்பி வந்ததும் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் சோதித்தார். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. சுவருக்கு மேல் டெய்லரம்மா தலை தெரிந்தது.

"பாத்தீங்களாம்மா? ஆள் படலைன்னா தண்ணி இப்படித்தான் இருக்கும்."

"ஆமாங்க," என்றாள் அவள். தலை சட்டென்று மறைந்தது.

ஆனால் தரம் பார்த்த கண் சும்மா விடுமா? குளோரின் டப்பா பாதி காலி. தொட்டியில் தண்ணீர் நாலு விரல் இறங்கியிருந்தது.

"யாரு இறங்கினது?"

"நானும் டெய்லரம்மாவும்."

"தினமுமா?"

"ஒருநாள் அவங்களுக்குக் காய்ச்சல். அன்னைக்கு நான் மட்டும்."

அவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் தினமும் ஊறிய தண்ணீரும் ஆள் படாத தண்ணீரும் ஒரே நிறம் காட்டினால், இத்தனை நாள் அவர் காவல் காத்தது எதை? அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். மனைவி சமாதானப்படுத்தவும் இல்லை. டெய்லரம்மாவோடு தொட்டியில் இருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் அவர் பட்டை டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பினார். இரண்டு தெரு தள்ளி ஒரு விளையாட்டுக் கிளப். அங்கே பெரிய நீச்சல் குளம். தினமும் ஊரே குதிக்கும். அவர் பட்டையை முக்கிப் பார்த்தார். அப்படி ஒரு நிறம் டப்பாவிலேயே இல்லை. அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சாப்பிட்டார்.

ஒரு மாதம் கழித்துக் கிளப் மேனேஜர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"அம்மா, சாரைக் குறை சொல்லல. எங்க தண்ணி இப்ப பிரமாதமா இருக்கு. குளிக்கிறவங்கதான் குறைஞ்சிட்டாங்க. வாரத்துல ஒருநாளாவது அவரை வீட்டுல வச்சுக்க முடியுமா?"

"வச்சுக்கலாம் சார்," என்றாள் அவள், ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே. "ஆனா இங்க அவருக்கு வேலை எதுவும் காலி இல்லையே."