சந்தூக்குக்குப் பின்னால் ஓர் ஆட்டோ

எனக்கு உட்கார்ந்திருக்கப் பிடிக்கும். இதை வெட்கப்பட்டுச் சொல்லும் ஆள் இல்லை நான். கள்ளக்குறிச்சியில் எங்கள் ஜவுளிக்கடையில், ஃபேனுக்கு நேர் கீழே மெத்தை போட்ட இடம் என்னுடையது. மடியில் போன், கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் பாட்டில். டீகூட இருந்த இடத்துக்கே வந்துவிடும். காலையில் கையை வீசிக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்தால், இவர்களை யார் துரத்துகிறார்கள் என்று கேலி செய்வேன். வீட்டிலிருந்து கடைக்கு நடந்தால் ஐந்து நிமிடம். பைக்கில்தான் போவேன்.

கடையின் மறுபாதி அண்ணன். எனக்கு ஏழு வயது மூத்தவர். வாரம் ஒருமுறை புடவை, லுங்கி, போர்வை எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் பஸ் ஏறுவார். வெள்ளிமலையில் இறங்கி, பஸ் போகாத ஊர்களுக்குத் தோளில் மூட்டையோடு நடப்பார். மலையில் எங்கள் கடை என்றால் அவர்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், கடை திறந்த கையோடு சொன்னார். "டேய், மலை ஏறுறப்ப மூச்சு வாங்குதுடா. இனிமே ஒரு வாரம் நான் போறேன், ஒரு வாரம் நீ போ."

யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது. "முட்டி வலிக்குதுண்ணா. கொஞ்ச நாளா சொல்லாம வெச்சிக்கினு இருக்கேன்."

"இன்னாடா நீ, முன்னயே சொல்றதுக்கு இன்னா?" என்று பதறிப்போனார். அதோடு மலைப் பேச்சு முடிந்தது.

அன்று வெள்ளிக்கிழமை என்பதை நான் மறந்திருந்தேன். எங்கள் பள்ளிவாசலில் முட்டி முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து தொழுவார்கள். குனிந்து நெற்றியைத் தரையில் வைக்க அவர்களால் முடியாது என்பதால் உள்ள சலுகை அது. அண்ணன் எனக்குப் பக்கத்தில்தான் நிற்பார். காலையில் வலித்த முட்டி மதியம் நன்றாக மடங்கினால் என்ன நினைப்பார்? சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினேன். அவரே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து வரிசையின் ஓரத்தில் போட்டார். உட்கார்ந்தேன். அண்ணனிடம் சொன்ன பொய்யைப் படைத்தவனிடமும் சொன்னேன்.

அடுத்த வாரமே சரியாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மூட்டை என் தோளுக்கு வரும். ஒரு வாரம் ஒரு மாதமாகி, மூன்று வருடமானது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், நாற்காலி வசதியாகத்தான் இருந்தது. ஆள் பார்க்கும்போது விந்தி நடக்கவும் பழகிக்கொண்டேன். எந்தக் கால் என்று மறந்துபோய் மாற்றி விந்திய நாளும் உண்டு. யாரும் கவனிக்கவில்லை.

இந்தக் கோடையில், மலையிலிருந்து இறங்கிவந்த மறுநாள் விடியற்காலையில், அண்ணன் தொழப் புறப்பட்டவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. மலைதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் அது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அன்று எனக்கு அழுகையைவிடப் பயம்தான் அதிகம். எங்களில் இறந்தவரைச் சந்தூக்கில் கிடத்தித் தோளில்தான் சுமந்து போவோம். வழியில் நிற்பவன்கூட ஓடிவந்து நாலு அடி தோள் கொடுப்பான். கூடப்பிறந்தவன் முன்னால் நிற்க வேண்டும். அவருடைய மூட்டையைத்தான் தூக்கவில்லை, அவரையாவது தூக்கிவிட வேண்டும் என்று மனது அடித்துக்கொண்டது. ஆனால் தூக்கினால், மூன்று வருடம் நாற்காலியில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று ஊரே கேட்கும்.

இறந்தவருக்காகத் தொழும் ஜனாஸா தொழுகையில் குனிவதே கிடையாது, நின்றால் போதும். நிற்கத்தான் போனேன். யாரோ நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, என் தோளை அழுத்தி உட்காரவைத்தார்கள். அத்தனை பேரும் நிற்க, அண்ணனுக்கு முன்னால் நான் ஒருவன் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. இப்போது நினைத்தாலும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

சந்தூக்கைத் தூக்கும்போது முண்டியடித்து முன்னால் போனேன். அண்ணன் மகன் தடுத்தான். "சிச்சா, நீங்க ஆட்டோல வாங்க. உங்களால ஆவாது." எனக்காக ஆட்டோ ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தது.

இறந்தவரை மெதுவாகக் கொண்டுபோகும் வழக்கம் எங்களில் இல்லை. விறுவிறுவென்று போனார்கள். ஆட்டோ பின்னால் உருண்டது. சேதி கேட்டு மலையிலிருந்து பஸ் பிடித்து ஒருவர் வந்திருந்தார். அண்ணனிடம் போர்வை வாங்குகிறவர், சாமை விதைக்கிற குடும்பம், என்னைவிட வயதானவர். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தோள் கொடுத்தார். அதைப் பார்த்த பிறகு என்னால் தாங்க முடியவில்லை. அடக்கம் செய்யும் கபரஸ்தானுக்கு இன்னும் இரண்டு தெருதான். "நிறுத்துப்பா" என்றேன்.

இறங்கி ஓடினேன். விந்தாமல் ஓடினேன். பார்க்கட்டும் என்றுதான் ஓடினேன். கொஞ்ச தூரத்திலேயே நெஞ்சு அடைத்தது, கண் இருட்டியது. எப்படியோ எட்டிப்பிடித்து முன்பக்கக் கம்புக்குக் கீழே தோளைக் கொடுத்தேன். கனம் இறங்கியது. மூன்று அடி, நான்கு அடி. தொடை வெடவெடவென்று நடுங்கியது. எந்த நோயும் இல்லாத என் முட்டி மடங்கியது. சந்தூக் என் பக்கமாகச் சாய்ந்தது. "யா அல்லாஹ்!" என்று நாலாபக்கமும் குரல். மலைக்காரர் என்னை இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே புகுந்து கம்பைத் தாங்கினார். நான் ரோட்டில் கிடந்தேன்.

கூட்டம் என்னைச் சுற்றிக்கொண்டு போனது. அண்ணன் மகன் மட்டும் நின்றான். மூச்சு வராமலே அவனிடம் சொன்னேன். "முட்டில ஒண்ணும் இல்லடா. எப்பவுமே இல்ல. பொய் சொன்னேன். மலைக்குப் போவ சோம்பேறித்தனம்டா எனக்கு. உங்க அத்தாவ நான்தான்..."

அவன் அழுதுகொண்டே என் வாயைப் பொத்தினான்.

"வாணாம் சிச்சா. அத்தா சொல்லிக்கினே இருப்பாரு. உங்க சிச்சாவுக்கு வலி ஜாஸ்தி, ஆனா வெளிய காட்டிக்கவே மாட்டான்னு."

என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, ஆட்டோவில் ஏற்றி உட்காரவைத்தான். சந்தூக் அதற்குள் தெரு திரும்பிவிட்டது. தன் அத்தாவுக்குத் தோள் கொடுக்க அவன் ஓடினான்.