கஞ்சித் தூக்கும் மூன்று ஆய்வாளர்களும்

மொழிபெயர்ப்பாளன் வேலையில் ஒரு விசேஷம், இரண்டு பக்கத்துத் திட்டும் முதலில் நம் காதில்தான் விழும். ஃபாரமும் பென்சிலுமாக வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மலாயாவில் கம்யூனிஸ்ட் போராளிகளை அடக்க வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலத்தில், மலாக்காவில் ஓர் ஆய்வுக் குழுவுக்கு இந்த வேலை பார்த்தேன். தோட்டத்துப் பெண்கள் ஏன் ரத்தமில்லாமல் வெளுத்துப்போகிறார்கள் என்று கண்டுபிடிக்க மூன்று வெள்ளைக்காரர்கள் வந்திருந்தார்கள். ஒருவர் டாக்டர், ஒருவர் பொருளாதாரம் படித்தவர், இன்னொருவர் மனிதர்களின் பழக்கவழக்கங்களைப் படித்தவர். சுங்கை ரம்பாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இறங்கினோம்.

நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?

காட்டிலிருந்த ஆயுதக்காரர்களுக்குப் போய்விடக் கூடாதென்று அரிசியை அளந்து கொடுத்த காலம் அது. அந்த நேரத்தில் போய், "எவ்வளவு சமைத்தீர்கள், எவ்வளவு மிஞ்சியது?" என்று கேட்டால் யார் வாய் திறப்பார்கள்? தொழிலாளர்கள் குடியிருந்த லயம் முழுக்க ஒரே பதில்: எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம், மிச்சமே இல்லை. பொருளாதாரக்காரர் தலையைச் சொறிந்தார். இவ்வளவு சாப்பிட்டால் ரத்தம் எங்கே போனது?

ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் இறக்கும், எங்கள் பேச்சில் பால்மரம் வெட்டும், அஞ்சலை அக்காவிடம் திரும்பவும் கேட்கச் சொன்னார். அக்கா என் பென்சிலையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "எழுதிக்க தம்பி. ஒரு பருக்க மிஞ்சல. எல்லாம் வயித்துக்குத்தான் போச்சு, காட்டுக்குப் போகல."

டின்

விரலில் ஊசி குத்தி ரத்தம் பார்த்தாகிவிட்டது; அந்த ரத்தத்தை உறிஞ்சும் கொக்கிப்புழு இருக்கிறதா என்று பார்க்க டாக்டருக்கு மலமும் வேண்டும். ஆளுக்கொரு சின்ன டின் கொடுத்து, மறுநாள் வாங்கி, மூட்டையாகக் கட்டி லாரியில் ஏற்றினோம். லயத்தைச் சுற்றிக் கம்பி வேலி, அதன் கேட்டில் சுப்பையா என்ற காவலர். சாப்பாட்டுச் சாமான் வெளியே போகக் கூடாது, எல்லாவற்றையும் திறந்து பார்க்க வேண்டும் என்பது அவருக்கு உத்தரவு. "வேணாம் அண்ணே," என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அதனாலேயே சந்தேகம் அதிகமாகி, ஒரு டின்னைத் திறந்து மூக்குக்கிட்டக் கொண்டுபோனார்.

மூடியை அழுத்தி மூடி என் கையில் வைத்தார். "இனிமே உங்க டின்னுல அரிசியே இருந்தாலும் இருக்கட்டும் லா. நான் தொறக்கிறதா இல்ல."

மூன்று காரணம்

ஒரு நாள் காலை அஞ்சலை அக்கா மரத்தடியிலேயே மயங்கி விழுந்தார். தூக்கிக்கொண்டு வந்து தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். முகத்தைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டார்கள். புழு என்றார் டாக்டர். அளந்து கொடுக்கும் படி அரிசி போதவில்லை என்றார் பொருளாதாரக்காரர். வீட்டில் பெண்கள் கடைசியாகச் சாப்பிடும் பழக்கம் என்றார் மூன்றாமவர். பேச்சு சூடாகிவிட்டது.

கண் விழித்த அக்கா, என்ன சண்டை என்று கேட்டார். சொன்னேன். "மூணு பேரு சொல்றதும் சரியா இருக்கும் தம்பி. விடியுமுன்ன பெரட்டுல பேரு குடுத்துட்டு, உச்சி வரைக்கும் மரம் வெட்டுறேன். முந்தியெல்லாம் கஞ்சித் தூக்கோட போவேன். இப்ப தூக்கு கேட்டுக்கு உள்ள நிக்குது, நான் வெளிய நிக்கிறேன். நடுவுல கம்பி வேலி இருக்கு. அதையும் எழுதச் சொல்லு."

நகரத்தில் கூட்டம்

மலாக்காவில் அதிகாரிகள் முன்னால் மூவரும் உட்கார்ந்தார்கள். டாக்டர் ரத்தக் கணக்கைக் காட்டினார். பாதுகாப்பு அதிகாரி அசையவில்லை. பசியால் ரப்பர் பால் எவ்வளவு குறைகிறது என்று பொருளாதாரக்காரர் காட்டினார், அதிகாரி கொஞ்சம் அசைந்தார். கஞ்சியை வேலிக்கு உள்ளேயே காய்ச்சி, காவலோடு லாரியில், இறக்கிய பாலைச் சேர்க்கும் பால் கொட்டகைக்குக் கொண்டுபோய், எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்துக் குடிக்கவைத்தால் பெண்களுக்கும் முறையாகப் பங்கு கிடைக்கும் என்று மூன்றாமவர் வழி சொன்னார்.

பாதுகாப்பு அதிகாரி ஆங்கிலத்தில் சொன்னது தமிழில் இது: "வயிற்றுக்குள் போன கஞ்சியை எவனும் காட்டுக்குக் கடத்த முடியாது. சரி, கொடுங்கள்."

மறுபடியும் ஊசி

சில மாதம் கழித்து மறுபடியும் விரலில் குத்தி ரத்தம் பார்க்கப் போனோம். ஏறியிருந்தது. நான் கொடுத்த புழு மருந்து என்றார் டாக்டர், கஞ்சி என்றார் பொருளாதாரக்காரர், சேர்ந்து உட்கார்ந்தது என்றார் மூன்றாமவர். ஆளுக்கொரு கட்டுரை எழுதப் போனார்கள். அஞ்சலை அக்கா கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன்.

"கஞ்சியில உப்பு கம்மி. அதுக்கும் மூணு பேரு கப்பல் ஏறி வரணுமா, இல்ல நீயே சொல்லிடுவியா?"

எனக்குத் தெரிந்தவரை ஆராய்ச்சி என்பது, லயத்துக்கே தெரிந்த சங்கதியை ஆபீசுக்குப் புரிகிற பாஷையில் மாற்றிச் சொல்லும் ரொம்ப நீளமான மொழிபெயர்ப்பு.