எட்டாத இடம்

வண்டியின் முன்கண்ணாடிக்கு அருகே வாயைக் கொண்டுபோய் ஊதுகிறார். ஆவி படர்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு திட்டாகத் தெரிகிறது. பெருமூச்சு விட்டு, ஸ்பிரிட் துணியை மறுபடி எடுக்கிறார்.

கார் கழுவும் கொட்டகையின் கடைசித் தடுப்பு அவருடையது. மழைத்தண்ணீர் ஒட்டாமல் வழிந்தோட வண்டிக் கண்ணாடிகளுக்கு மருந்து பூசுகிறார். அதனால் எல்லோருக்கும் அவர் மழைக்காரர். வட்ட வட்டமாகத் தேய்த்தபின் மருந்து புகைபோல் வெளுக்கும்வரை காத்திருக்க வேண்டும். சுவரில் சாய்கிறார், கண்ணை மட்டும் மூடுவதில்லை. "மூடினா அவ்வளவுதான், தூங்கிடுவேன். மருந்து கல்லாயிடும்." வெளுத்ததும் துடைத்துத் தண்ணீர் தெளிக்கிறார். துளிகள் உருண்டோடுகின்றன. "வேலைன்னு சொன்னதும் என் மச்சான் ஓடுற மாதிரி இல்ல?"

வீட்டில் மனைவிக்கு வேறு சந்தேகம். "நான் சொல்றது எதுவும் உங்க மேல ஒட்டுறதில்லையே. அந்த மருந்தை நீங்களும் பூசிக்கிட்டீங்களா?"

அவள் சொல்வது டாக்டரிடம் காட்டச் சொல்லித்தான். சில மாதங்களாக அவருடைய வலது தோள் எழும்புவதில்லை. சட்டையை அவள்தான் மாட்டிவிடுகிறாள். முதலாளிக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. இடுப்பு பிடித்துக்கொண்ட வேலையாள் ஒருவரை முதலாளி, "ரெஸ்ட் எடுங்கண்ணே" என்று அன்பாக வீட்டுக்கு அனுப்பினார். அந்த ரெஸ்ட் இன்னும் முடியவில்லை.

சின்ன வண்டிகளை இடது கையால் ஒப்பேற்றிவிடுகிறார். வேன்தான் சிக்கல். அகலக் கண்ணாடியின் நடுப்பகுதியை எட்ட ஒரு கையை ஊன்றி மறு கையால் தேய்க்க வேண்டும்.

முன்பு மருந்து பூசிக்கொண்டு போன பள்ளிக்கூட வேன் ஓட்டும் பெண் இன்று திரும்பி வந்தாள்.

"அண்ணே, ரெண்டு ஓரமும் சூப்பரா ஓடுது. நடுவுல மட்டும் தண்ணி அப்பிக்கிட்டு நிக்குது. பிள்ளைங்களை வச்சு ஓட்டுறேன், எதிர்ல வர்றதே தெரியல."

"காயறதுக்குள்ள நனைச்சிட்டியாம்மா?"

"இல்லண்ணே. இன்னைக்குத்தானே மழையே."

துணியைத் தோளில் போடப் போன அவருடைய வலது கை பாதி வழியில் நின்று இறங்கியது. அவள் அதைப் பார்த்தாள்.

முதலாளி அறையிலிருந்து தலையை நீட்டினார். "என்னம்மா, கம்ப்ளைண்ட்டா?"

"என் தப்புதாங்க. காயறதுக்குள்ள வைப்பரைப் போட்டுட்டேன்."

"அவசரக்குடுக்கை!" தலை உள்ளே போனது.

"என் தப்பை உன் மேல போட்டுப் பேசிட்டேம்மா" என்றார் மழைக்காரர், மெதுவாக.

"பேச்சு கிடக்கட்டும். ஏறுங்க. ஸ்கூல் விடுற நேரம்."

அவர் பம்பரில் ஏறினார். அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, மருந்து படாத இடத்தை உள்ளிருந்து விரலால் தொட்டுக் காட்டினாள். அவர் நெற்றியைக் கண்ணாடியில் ஊன்றிக்கொண்டு, இடது கையை நீட்டி, அந்த விரலுக்கு நேராகத் துணியை வைத்தார். விரல் நகர்ந்தது. துணியும் நகர்ந்தது.