வேடியப்பன் கேட்ட உடுப்பு

தையல் பரீட்சையில் தேறி, நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் தையல் டீச்சராக வேலைக்குச் சேர்ந்த புதிது. உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஊரார் நாடகம் போட்டார்கள். கள்ளர் ஓட்டிப்போன மாடுகளை மீட்டு, அம்பு பட்டுச் செத்த ஒரு பழங்கால வீரனின் கதை. ஏரிக்கரை நடுகல்லில் நிற்பவன் அவன்தான். ஊருக்கு அவன் வேடியப்பன், சாமி. அவனுக்கு உடுப்புத் தைப்பது என் பொறுப்பு.

அளவுநாடாவோடு கல்லைப் பார்க்கப் போனேன். கல்லில் இருந்தவை: பக்கவாட்டில் சரிந்த கொண்டை, வில், குறுவாள், இடுப்பில் கச்சை. இல்லாதவை: கிரீடம், கோட்டு, செருப்பு.

"ராஜபார்ட்டுன்னா வெல்வெட்டுக் கோட்டுங்க டீச்சரம்மா. கோவணத்தப் பாக்கவா ஜனம் வருது?" என்றார் நாடக வாத்தியார்.

வீரனாக நடிக்கவிருந்த இளம் விவசாயிக்கு வேறு கவலை. அவருக்குப் பெண் கொடுக்க யோசித்திருந்த பொம்மிடிக் குடும்பம் நாடகத்துக்கு வருகிறது. பிடித்தால்தான் நிச்சயம்.

"மாமனாரு முன்னால கச்சையோட நிக்கறதாங்க? மானம் போயிருங்க."

பேச்சு முடியாததால் ஊர் வழக்கப்படி பூ கேட்டார்கள். கல்லின் இரு தோளிலும் ஈரப் பூவை ஒட்டினார்கள். வலப்பூ விழுந்தால் வெல்வெட், இடப்பூ விழுந்தால் கச்சை. என்றோ செத்தவனிடமே 'உன்னை எப்படிக் காட்டட்டும்' என்று கேட்பது எனக்கு விசித்திரமாகவும், யோசித்தால் நியாயமாகவும் பட்டது.

இடப்பூ விழுந்தது.

நாடகத்தன்று, சண்டையால் விளக்குக்கு மண்ணெண்ணெய் கிடைக்காததால், பொழுது சாயுமுன்னே தொடங்கினார்கள். கொண்டையும் கச்சையுமாக அந்த இளைஞர் மேடையேறியபோது யாரும் சிரிக்கவில்லை. கூட்டம் எழுந்து கும்பிட்டது. பொம்மிடிக்காரர்களும் கும்பிட்டார்கள்.

நாடகம் முடிந்து எல்லோரும் அந்த இளைஞர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, பெண்ணின் அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பையன் மேல குத்தமில்லீங்க. சாமின்னு கும்புட்ட கையால எப்படிங்க சம்பந்தம் பேசறது?"

வேஷத்தைக்கூடக் கலைக்காமல் இளைஞர் இலை முன் தொப்பென்று உட்கார்ந்தார். "மாமா, நான் மனுசந்தானுங்க. விரதம்னு காத்தாலருந்து பட்டினி போட்டுட்டாங்க. ஆத்தா, களி போடு!"

உருண்டைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. அவர் விரலைச் சப்பினார், குழம்பு கேட்டார், விக்கினார். பெண்ணின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்தியும் சிரிப்பு அடங்கவில்லை.

"எங்கூரு வேடியப்பன் ஒரு தேங்காயோட அடங்கிருங்க. இது அடங்காதாட்டம் இருக்குதே!" என்றார் அந்த அம்மா.

பெண்ணின் அப்பாவும் சிரித்துவிட்டார். "மாப்பிள்ளைக்கு இன்னொரு உருண்டை போடுங்க" என்றார்.