தலை நடுவே ஒரு வரப்பு

ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்துச் சோளக்காட்டில் குடியிருந்த அத்தாயிக்கு 1938-இல் தலைப்பிள்ளை பிறந்தான். பேர் வைப்பதற்குள் ஊர் அவனைச் சுரைக்காய் என்று கூப்பிட்டது. தலை அப்படி முன்னும் பின்னும் நீண்டு கிடந்தது.

"பச்சப்புள்ளத் தலை மெழுகாட்டம். உருட்டத் தெரியாத கை உன்ற கை," என்றாள் நங்கை பழனியம்மாள், புருஷனின் அக்காள். அன்றோடு பிள்ளையைக் குளிப்பாட்டும் வேலை அத்தாயியிடமிருந்து போயிற்று. பழனியம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கிடத்தி, எண்ணெய்க் கையால் நெற்றியையும் பிடரியையும் சேர்த்து அமுக்குவாள். பிள்ளை வீறிடும். பெற்றவள் வெந்நீர் விளாவிக் கொடுத்துவிட்டு நிற்பாள்.

பால் கொடுக்கும்போது அவள் விரல் உச்சிக்குழியைத் தேடும். பக்கத்து வீட்டு ராமாயியின் பிள்ளைக்கு அங்கே மெத்தென்று துடித்தது. இவனுக்குக் குழியே இல்லை; நடுத்தலையில் வரப்புப் போட்டதுபோல் எலும்பு மேடிட்டிருந்தது. சொன்னால் யார் கேட்டார்கள்? அழுது, சோறு மறுத்து, கடைசியில் புருஷன் அங்கமுத்துவைச் சேலத்துக்கு வண்டி கட்ட வைத்தாள்.

டாக்டர் தலையைத் தடவிப் பார்த்தார்.

"மண்டை எலும்புகளுக்கு நடுவுல இடைவெளி இருக்கணும், மூளை வளர. இவனுக்கு உச்சியில அது முன்னாடியே மூடிக்கிச்சு. அகலத்துல வளர முடியாம நீளத்துல வளருது."

"என்ற கையால ஆனதுங்களா, சாமி?"

"யார் கையாலயும் இல்லம்மா. வயித்துக்குள்ளயே ஆனது. அமுக்கிச் சரியாக்க முடியாது, அமுக்கவே கூடாது. அறுத்துச் சரிபண்ண இங்க வசதியில்ல. வாந்தி எடுத்தாலோ பார்வை மாறினாலோ உடனே கொண்டா."

"இத அவிங்ககிட்டச் சொல்லுங்க, சாமி."

மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்த அங்கமுத்துவைக் கூப்பிட்டு, டாக்டர் எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். அவனும் தலையாட்டினான்.

வீடு திரும்பியதும் வாசலிலேயே பழனியம்மாள் கேட்டாள்: "என்னடா சொன்னான் டாக்டரு?"

"எலும்பு ஒட்டிப் போச்சாமா, அக்கா."

"ஒட்டிப் போச்சா? அப்ப இன்னும் பலமா அமுக்கோணும்!"

"ஏனுங்க, மிச்சத்தையும் சொல்லுங்க," என்றாள் அத்தாயி. அவன் மாட்டை அவிழ்ப்பதில் மும்முரமாகிவிட்டான்.

மறுநாள் வெந்நீர் காய்ந்ததும் அத்தாயியே காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"எந்திரி! தலையைக் கெடுத்துப் போடுவ!"

"கெடுத்தவளாவே இருந்துட்டுப் போறனுங்க, நங்கை. இனி ஆரும் அமுக்க வேண்டாம்."

உள்ளங்கையை உச்சிமேல் சும்மா வைத்துத் தண்ணீரை ஊற்றினாள். அது வரப்பின் இரண்டு பக்கமும் வழிந்தது. பிள்ளை வீறிட்டான்.

"பாத்தியா, உன்ற கையிலயும்தான் அழுவுது!" என்றாள் பழனியம்மாள்.

மாட்டுக் கொட்டகையில் அங்கமுத்து குனிந்து சாணி வழித்துக்கொண்டிருந்தான். அத்தாயி அடுத்த சொம்பை மொண்டாள்.