தையல் கூடத்துக் கதவு

பன்னிரண்டாம் வகுப்பில் வரலாற்றை விரும்பிக் கேட்டு வாங்கியவள் அவள் ஒருத்திதான். மற்ற பதினெட்டுப் பேரும் மார்க் குறைந்ததால் அங்கே வந்து விழுந்தவர்கள். எதையெடுத்தாலும் ஏன், எப்படி என்று குடைவதால் வகுப்பில் அவளுக்கு ‘வக்கீல்’ என்று பேர்.

வருடக் கடைசியில் உள்ளூர் வரலாறு ஒன்றை எழுதித் தர வேண்டும். நேரில் கண்டவர் வாய்மொழி ஒன்று, அச்சில் வந்த ஆதாரம் ஒன்று. மற்றவர்கள் ஜெராக்ஸ் கடையில் ரெடிமேடாக வாங்கிவிட்டார்கள். அவள் அம்மாவிடம் போய் உட்கார்ந்தாள்.

அம்மாவுக்குத் தையல் கம்பெனியில் வேலை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அங்கே தீப்பிடித்து ஆறு பெண்கள் செத்துப்போனார்கள். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. அன்று என்னவோ, சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே அம்மா கடகடவென்று சொல்லிவிட்டாள். கதவைப் பூட்டித்தான் வைத்திருந்தார்கள். அடிக்கடி பாத்ரூம் போகிறார்கள் என்று சூப்பர்வைசர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிவான். அம்மா ஜன்னலை உடைத்துக் குதித்தாள். பின்னால் நின்ற தோழி குதிக்கவில்லை.

மறுநாள் அவள் நூலகத்தில் பழைய செய்தித்தாள் கட்டைப் பிரித்தாள். விசாரணைச் செய்தி கிடைத்தது. ‘கதவு திறந்தே இருந்தது, பெண்கள்தான் பதற்றத்தில் கவனிக்கவில்லை’ என்று உயிர் தப்பிய தொழிலாளி ஒருவர் சாட்சி சொல்லியிருந்தார். பக்கத்தில் அம்மாவின் பெயர், வயது. தெருகூடச் சரியாக இருந்தது.

வரலாற்று ஆசிரியரிடம் இரண்டையும் காட்டினாள்.

“அச்சுல வந்ததை வச்சுக்கோ. வாயால சொன்னது நாளைக்கு மாறும்.”

“அச்சுல வந்ததும் வாயால சொன்னதுதானே சார்?”

“ஆரம்பிச்சுட்டியா? சரி, உங்கம்மாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா. பாக்கலாம்.”

சாயங்காலம், அம்மா சொன்னதை எழுதிய தாளையும் செய்தியின் நகலையும் அம்மாவிடம் நீட்டினாள்.

“ஏம்மா பொய் சொன்ன?”

“எதைக் கேக்கற? உனக்குச் சொன்னதா, அங்க சொன்னதா?”

“அங்க சொன்னது.”

“அப்ப உனக்கு அஞ்சு வயசுடி. உங்கப்பன் விட்டுட்டுப் போய் மூணு மாசம். இப்படிச் சொன்னா வேலை நிரந்தரம்னாங்க, சொன்னேன். மாத்திச் சொன்னவளுங்க எல்லாம் தெருவுல நின்னாளுங்க. படிக்க வச்சதுக்கு என்னையே கூண்டுல ஏத்தறியா?”

“பேரை மாத்திக்கறேம்மா.”

“அன்னைக்குத் தப்பிச்சதுல இன்னும் அங்க வேலை பாக்கறது நாங்க நாலே பேரு. யாருன்னு தெரியாமப் போயிடுமா? என் பின்னாடி நின்னு செத்துப்போனவ பொண்ணு என்னை சித்தின்னு கூப்பிடறா. அவகிட்ட நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பேசுவேன்?”

அவள் எழுதி வைத்திருந்த தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்தாள். அம்மா எதிரில் உட்கார்ந்து, செய்தித்தாளில் இருந்தபடியே ஒரு தடவை நிதானமாகச் சொன்னாள். எழுதி முடித்ததும் பேனாவை வாங்கி அடியில் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு ஆதாரங்களும் அருமையாகப் பொருந்துகின்றன என்று ஆசிரியர் சிவப்பு மையில் எழுதினார். அடுத்த வருடப் பிள்ளைகளுக்கு உதவும் என்று அந்த நோட்டைப் பள்ளி நூலகத்தில் வைத்துக்கொண்டார்கள்.