பக்கத்துளையில் சந்தனம்

நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். ஆனால் ரைஸ் மில் ஷாஃப்ட் உடைந்தால் வாலாஜாபாத்காரர்கள்கூட உத்திரமேரூருக்கு, என் லேத் பட்டறைக்குத்தான் வருவார்கள். எதற்கும் பயந்தவனில்லை நான். பயம் இன்னதென்று என் மகளுடைய காலேஜ் புராஜெக்ட்டில்தான் தெரிந்துகொண்டேன்.

ஜெட் என்ஜின் கக்கும் காற்றை, குழலை வளைக்காமலே திருப்ப வேண்டுமாம்.

"பக்கத்துல துளை போட்டு காத்து உட்டா, நடுவுல போற காத்து எதிர்ப்பக்கம் சாயும், நைனா. குழாய் இந்தப் பக்கம் தள்ளும்," என்றாள்.

மயிரிழைத் துளைகளோடு அந்தக் குழாயைப் பித்தளையில் நானே கடைந்தேன். இந்த ஜில்லாவில் வேறு எவனுக்கும் அது வந்திருக்காது.

போர்வெல் போடும் வண்டியைக் கம்ப்ரஸரோடு வரவழைத்தேன். தள்ளுவது கண்ணுக்குத் தெரிய, வாசலைப் பார்த்துக் குழாயைச் சங்கிலியில் தொங்கவிட்டோம். பொட்டு வைக்காமல் எங்கள் பட்டறையில் புது வேலை எதுவும் ஓடாது. துளைகளுக்குக் காற்று கொண்டுபோகும் சின்ன ஹோஸை மாட்டுவதற்கு முன்பே என் மனைவி இடதுபக்கம் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்துவிட்டாள். துளைகள் இருந்ததும் அங்கேதான்.

காற்றைத் திறந்ததும் குழாய் அலறியது. மகள் வலதுபக்கம் நின்று, துளைக்குக் காற்று விடும் வால்வைத் திறந்தாள். குழாய் அசையவில்லை. வால்வை மூடாமலே, எங்கே அடைப்பு என்று பார்க்க இடதுபக்கம் போய்க் குனிந்தாள்.

காய்ந்த சந்தனம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அடைப்பு பிய்த்துக்கொண்டு போக, குழாய் அவள் பக்கம் வீசியது. தரையில் கிடந்தாள்.

எப்படிப் போய்க் காற்றை மூடினேனோ தெரியாது. தூக்கினேன். அடி தோளில்தான். கொஞ்சம் தள்ளியிருந்தால் தலை.

"தள்ளிச்சு, பாத்தியா?" என்று சிரித்தாள்.

"வாய மூடு. இத்தோட போதும்."

"காத்து எவ்ளோ சாயுதுன்னு அளக்கவே இல்லியே. நாளைக்கு காலேஜ்ல காட்டணும் நைனா."

"ஊரெல்லாம் பெருமை பேசிக்கினு திரிவியே, இப்ப இன்னா கை இப்படி ஆடுது?" என்றாள் என் மனைவி. அவள் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்தேன். மகளை வண்டி கேபினில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். வலதுபக்கம், குழாய்க்குப் பின்னால் தள்ளி நின்று நானே வால்வைத் திறந்தேன். வாசலில் நேராகப் பறந்த புழுதி, யாரோ பிடித்து இழுத்ததுபோல் வலதுபக்கம் சாய்ந்தது.

கம்ப்ரஸரை அணைத்துவிட்டுக் கேபினுக்குப் போனதும், "எவ்ளோ சாஞ்சுது?" என்றாள்.

கையைச் சாய்த்துக் காட்டினேன்.

"கைய ஆட்டாம காட்டு, நைனா."

முடியவில்லை. மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு காட்டினேன்.